சாதிக் போட்ட கோடு

இந்த ஊரில் ஒருவர் பேசி முடித்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள். உட்கார்ந்த இடத்திலேயே விரல்களை மடக்கி மேசையைத் தட்டுவார்கள். ரைன் நதிக்கரையில் இருக்கும் இந்தச் சிறிய ஜெர்மன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில், என் முதல் உரை முடிந்ததும் அறை முழுக்க டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. செங்கல்பட்டில் நாங்கள் படித்த கல்லூரியில் மேசையைத் தட்டினால் வாயை மூடு என்று அர்த்தம். சரி, சொதப்பிவிட்டோம், போதும் என்கிறார்கள் என்று நினைத்து, கேள்வி நேரத்துக்குக்கூட நிற்காமல் மடிக்கணினியைச் சுருட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டேன். எங்கள் குழுவின் தலைவர் க்ளாஸ் பின்னாலேயே ஓடி வந்து, "எங்கே போகிறீர்கள்? உங்களைப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்" என்றார். கழிப்பறை தேடுகிறேன் என்று பொய் சொன்னேன். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், கணக்கு எதுவும் வராது. நட்சத்திரக் கூட்டங்கள் சுழல்கின்றன. அவற்றின் ஓரத்தில் இருக்கும் நட்சத்திரங்கள், நியூட்டன் சொன்ன ஈர்ப்பு விதிப்படி ஓட வேண்டியதைவிட வேகமாக ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் சரக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் அவை எப்போதோ பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்று உலகத்தில் பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். அதற்குக் கரும்பொருள் என்று பெயர். அதை இதுவரை யாரும் பிடித்துக் காட்டவில்லை. எங்களைப் போன்ற ஒரு சிறு கூட்டம், அப்படி ஒன்று இல்லவே இல்லை, ஈர்ப்பு மிக மிக மெலிந்துபோகும் இடங்களில் விதியே கொஞ்சம் மாறுகிறது, நியூட்டனைத்தான் திருத்த வேண்டும் என்று சொல்கிறது. இந்தக் கூட்டத்தில் சேர்ந்தால் மாநாடுகளில் உங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய தூங்குமூஞ்சி நேரம்தான் ஒதுக்குவார்கள். நீங்கள் மேடை ஏறும்போதே முன்வரிசையில் ஒரு நமுட்டுச் சிரிப்பு எழும். ஆறு வருடம் அந்தச் சிரிப்பைத் தின்று வளர்ந்தவன் நான். அது எப்படிச் சுடும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. இதை மறந்துவிடாமல் மேலே படியுங்கள்.

எனக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் ஃப்ராவ் பெக்கர் என்ற மூதாட்டி ஒருமுறை என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். கரும்பொருள் இல்லை என்று நிரூபிக்கப் பார்க்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்ல உங்களை இவ்வளவு தூரத்திலிருந்தா வரவழைத்தார்கள்?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. உண்மையில் என்மேல் இரக்கப்பட்டிருக்கிறார். மறுநாள் கதவுப் பிடியில் ஒரு பையில் ஆப்பிள் தொங்கியது.

இங்கே புலம்பெயர்ந்தவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு ஜெர்மன் சொல் உண்டு: உன்பெஃப்ரிஸ்டெட். கால வரம்பு இல்லாதது என்று பொருள். வேலை உன்பெஃப்ரிஸ்டெட் ஆகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஆகாவிட்டால், பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாக இத்தனை வருடம்தான் இருக்கலாம் என்று சட்டமே இருக்கிறது. அது முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது முடிகிற வருடம் வந்திருந்தது. கையில் ஒரே ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. ஒன்றையொன்று வெகு தொலைவில் இருந்தபடி சுற்றிவரும் இரட்டை நட்சத்திரங்கள் வானத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரு ஜோடிக்குள் இடைவெளி மிக அதிகமானால் ஈர்ப்பு மிக மெலிந்துவிடும். கரும்பொருளைக் காரணம் காட்டவும் அங்கே இடம் போதாது. அப்படிப்பட்ட ஜோடிகள் நியூட்டன் கணக்கை மீறி வேகமாக ஓடுகின்றன என்று நான் கண்டுபிடித்திருந்தேன். விண்வெளித் தொலைநோக்கி ஒன்று அளந்த, இணையத்தில் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய பொதுப் பட்டியலிலிருந்து எடுத்தவை அவை. கட்டுரை வெளிவந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முன்வரிசைச் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. நிரந்தர வேலைக்கு நேர்காணல் வசந்தத்தில் என்று சொன்னார்கள். அந்தத் தெம்பில்தான் பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன்.

அக்கா படூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். அங்கே வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே சாதிக் பைக்கில் வந்து நின்றான். சாதிக் யார் என்று சொல்ல வேண்டும். கோவளத்துக்காரன். அவன் அத்தா மீன் மொத்த வியாபாரி. நான் திருப்போரூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்தும் அவன் கோவளத்திலிருந்தும் பஸ் மாறி மாறிச் செங்கல்பட்டுக்குப் போய் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தோம். மூன்று வருடமும் அவன் முதல், நான் இரண்டாவது. மேற்படிப்புக்கு இருவருக்கும் இடம் கிடைத்தது. அந்த வருடம் அவன் அத்தா பக்கவாதத்தில் விழுந்தார். நான் போனேன், அவன் போகவில்லை. பிறகு கடற்கரை அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்து அணுபுரம் குடியிருப்பில் மனைவி நஸீமாவோடு இருக்கிறான். கடற்கரையோரம் மீன், மணல், பாசி என்று வாங்கிவந்து அதில் கதிரியக்கம் எவ்வளவு என்று அளப்பது அவன் வேலை. அவன் போய் நான் நின்றிருந்தால் இன்றைக்கு இந்தக் கதையை அவன் எழுதியிருப்பான் என்று சொல்வது அழகாக இருக்கும். ஆனால் அவன் இப்படி எழுதும் நிலைக்கு வந்திருக்கவே மாட்டான்.

என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போனான். அன்று சாயங்காலம் குடியிருப்பு மன்றத்தில் என் உரைக்கு ஏற்பாடு செய்திருந்தவன் அவன்தான். டெக்னீஷியன் சொல்லி அதிகாரிகள் கூட்டம் போடுவது அங்கே சாதாரண விஷயம் இல்லை. வாரக்கணக்கில் ஒவ்வொருவராகப் பிடித்துச் சம்மதிக்க வைத்திருக்கிறான். கடற்கரைக் கோவிலுக்குப் போகும் வழியில் ஒரு நாஸ்தா கடையில் உட்கார்ந்ததும், சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தான். ஆய்வகத்தில் மீன் மாதிரிகளுக்கு அச்சடித்த படிவத்தின் பின்பக்கம். அதில் ஒரு வரைபடம், நடுவே பென்சிலால் மேலிருந்து கீழாக ஒரு கோடு.

"இன்னா மச்சான் இது?" என்றேன்.

"உன் பேப்பர்தான். ரெண்டு வருஷமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம குந்தி அதே லிஸ்ட்ட எறக்கி நானும் போட்டுப் பாத்தேன். உன்ன மாதிரியேதான் வந்துச்சி. அப்பால நம்ம வேலையில பண்றத பண்ணேன்."

"இன்னா பண்ண?"

"மீட்டர்ல ஜாஸ்தி காட்டுச்சின்னா மொதல்ல மீன நம்ப மாட்டோம் மச்சான். மீட்டர் எங்க வெச்சிகினு கீறோம், எவ்ளோ தூரத்துல வெச்சிகினு கீறோம், அத்ததான் பாப்போம். அதான், எந்த ஜோடி நம்ம பூமிக்குக் கிட்ட கீது, எது தூரமா கீதுன்னு ரெண்டா பிரிச்சேன். இந்தக் கோட்டுக்கு இந்தாண்ட கிட்ட கீறது, அந்தாண்ட தூரமா கீறது. வேகமா ஓடறது அத்தினியும் அந்தாண்டதான் கீது. இந்தாண்ட கீறதெல்லாம் நியூட்டன் சொன்ன மாதிரி ஒயுங்காதான் ஓடுது."

அவன் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பார்த்த மாத்திரத்திலேயே புரிந்துவிட்டது. ஜோடி நம்மிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது ஈர்ப்பு விதிக்குத் தெரியாது. விதி உண்மையிலேயே மாறினால் கிட்ட இருக்கும் ஜோடியிலும் மாற வேண்டும். தூரத்தில் மட்டும் மாறுகிறது என்றால் கோளாறு என் பட்டியலில். சில ஜோடிகளில் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு சிறிய மூன்றாவது நட்சத்திரம் ஒன்று ஒளிந்திருக்கும். அது இழுப்பதால் ஜோடியே வேகமாக ஓடுவதுபோலத் தெரியும். பூமிக்குக் கிட்ட இருந்தால் தொலைநோக்கி காட்டிக்கொடுத்துவிடும், அவற்றையெல்லாம் நான் நீக்கியிருந்தேன். தூரத்தில் இருப்பவற்றில் அது தெரியாது. தெரியாததை இல்லை என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் உள்ளே விட்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத பொருளை நம்புகிறவர்கள் என்று மற்றவர்களைக் கேலி செய்யும் கூட்டத்தில் இருப்பவன் செய்யக்கூடிய தப்புதான்.

"பாக்கறேன்டா" என்றேன். "அவசரம் இல்ல மச்சான், நான் தப்பாகூட போட்டிருப்பேன். நீ ஒரு தபா பாத்து சொன்னா போதும்" என்றான். தாளை என்னிடமே கொடுத்தான். இட்லி ஆறிக்கிடந்தது. அவன் என் தட்டில் சாம்பார் ஊற்றச் சொல்லிவிட்டுத் தன் ஆய்வகக் கதைகளைப் பேசிக்கொண்டே இருந்தான். நான் நேர்காணலை நினைத்துக்கொண்டிருந்தேன். மன்றத்தில் இவன் எழுந்து இதைக் கேட்டுவிட்டால், அங்கே இருக்கும் ஏதாவது ஒரு பெரிய மூளை அதைப் பிடித்துக்கொண்டு எழுதிப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்றே என் புத்தி ஓடியது. அவன் கேட்டிருக்க மாட்டான். அதுவும் எனக்குத் தெரியும்.

மன்றத்தில் அறுபது பேர் இருந்தார்கள். முன்னால் அதிகாரிகள், பின்னால் மற்றவர்கள். எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவரவர்க்குத் தெரிந்திருந்தது. சாதிக் கதவோரம் நின்றான். ஒலிபெருக்கி, தண்ணீர், மின்விசிறி எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொண்டான். நஸீமா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உரை நன்றாகப் போனது. முடிந்ததும் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு அதிகாரி எழுந்து, உங்கள் முடிவை யாராவது மறுத்திருக்கிறார்களா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். நான் சிரித்துக்கொண்டே, சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து உயர்த்திப் பிடித்து, "மறுத்திருக்கிறார்கள் சார். இன்றைக்குக் காலையில்தான். நம் சாதிக் நட்சத்திரங்களையெல்லாம் கோவளத்து வஞ்சிரம் மாதிரி எடை போட்டுப் பார்த்துவிட்டு, நான் சொல்வது தப்பு என்கிறார். மீன் படிவத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார், பாருங்கள்" என்றேன்.

முன்வரிசை கொல்லென்று சிரித்தது. பிறகு பின்வரிசையும் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் சாதிக். சிரித்துக்கொண்டே மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான். இனி அவன் இந்தக் கேள்வியை எங்கே எடுத்தாலும் அந்தச் சிரிப்புதான் முதலில் வந்து நிற்கும் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி. வேறு நல்ல வார்த்தை போட்டு மழுப்ப விருப்பமில்லை.

அன்றிரவு சாதிக் வீட்டில் விருந்து. பிரியாணியைப் பரிமாறிக்கொண்டிருந்த நஸீமா, அவன் கைகழுவப் போன நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கெழம ஆனா எங்களோட எங்கயும் வர்றதில்ல இவரு. எங்க அம்மா வூட்டுக்குகூட நானும் புள்ளையும்தான் போறோம். கேட்டா, பெரிசா ஒண்ணு சிக்கிகினு கீது, அண்ணன் வந்து பாத்தா தெரியும்ன்றாரு. அது நெஜமா அண்ணா? இல்ல சும்மா மூளைய போட்டு கொயப்பிகினு கீறாரா?"

உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒரு சொல்.

"அதுல ஒண்ணும் இல்லம்மா. தப்பா போட்டிருக்கான்" என்றேன்.

"அல்லாவே" என்று மெதுவாகச் சொன்னாள். "சரிண்ணா, நான் சொல்லி நிறுத்திடறேன். நீங்க துன்னுங்க." என் தட்டில் இன்னும் ஒரு துண்டு கறி வைத்தாள். நான் தின்றேன்.

ஜெர்மனி திரும்பிய முதல் நாளே அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, பட்டியலை சாதிக் போட்ட இடத்திலேயே கோடு போட்டுப் பிரித்தேன். தேநீர் ஆறுவதற்குள் ஆறு வருட உழைப்பு கரைந்துவிட்டது. ஈர்ப்பு விதியைத் திருத்த வேண்டும் என்ற கொள்கையே செத்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஓரத்து நட்சத்திரங்கள் இன்னும் வேகமாகத்தான் ஓடுகின்றன, ஏன் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. செத்தது என் சான்று. நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வாரம் யோசித்தேன். நல்லவனாக யோசிக்கவில்லை. அவனால் முடிந்தது எவனாலும் முடியும், நேர்காணலுக்குப் பிறகு வேறொருவன் கண்டுபிடித்தால் அசிங்கம், முன்பே நானே சொல்லிவிட்டால் கௌரவம் என்று கணக்குப் போட்டேன். க்ளாஸிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தன் கொள்கைக்குக் கிடைத்த ஒரே நல்ல சாட்சியைத் தன் குழுவில் இருப்பவனே கவிழ்க்கப் போகிறான் என்றாலும், "சொல்லத்தான் வேண்டும்" என்றார். அவருக்காகவாவது நான் மற்றதையும் சொல்லியிருக்கலாம்.

என் முடிவு தவறு என்று நானே நிறுவிய அந்த உரைக்குக் கூட்டம் அலைமோதியது. நமுட்டுச் சிரிப்புக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முடிந்ததும் முதலில் மேசையைத் தட்டியவர் க்ளாஸ். பிறகு அறையே தட்டியது, நிற்காமல் தட்டியது. ஒரு இளம்பெண் எழுந்து, பூமியிலிருந்து உள்ள தூரத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டாள். "விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது" என்றேன். எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். அணுபுரத்தில் என் ஒரு வாக்கியத்துக்கு எழுந்த சிரிப்பு ஒருவனைப் புதைத்தது. இங்கே இன்னொரு வாக்கியத்துக்கு எழுந்த சிரிப்பு என்னைத் தூக்கி நிறுத்தியது. நம் ஊரில் தப்பை ஒப்புக்கொண்டவனை ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவோம். இங்கே அதற்கு வேலையே கொடுக்கிறார்கள். அந்த நல்ல வழக்கத்தைத்தான் நான் இப்படிப் பயன்படுத்திக்கொண்டேன். கரும்பொருளை நம்பும் எதிரணிக் குழுவே தங்கள் பிரிவில் எனக்கு நிரந்தர இடம் கொடுத்தது. தன் கண்டுபிடிப்பைத் தானே சாய்த்த நேர்மைக்காக என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். இந்த மறுப்பை எழுதிய கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பகுதியில் கணினி மையத்தின் பெயர் இருக்கிறது, க்ளாஸ் பெயர் இருக்கிறது. சாதிக் பெயர் இல்லை.

ஃப்ராவ் பெக்கர் செய்தி கேட்டுப் பிளம் கேக் சுட்டு எடுத்து வந்தார். "அப்படியானால் கரும்பொருள் இருக்கிறதா?" என்றார். தெரியாது, நான் சொன்னது தப்பு என்று மட்டும் தெரிந்தது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் நேர்மையானவர். என் கணவரும் அப்படித்தான் இருந்தார்" என்று கண் கலங்கினார். நான் கேக்கை வாங்கிக்கொண்டேன்.

கட்டுரை இணையத்தில் ஏறிய சில நாளில் சாதிக்கிடமிருந்து செய்தி வந்தது. திட்டி எழுதியிருப்பான் என்று நினைத்துத் திறக்கவே பயந்தேன். அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மச்சான், பேப்பர் பாத்தேன். அந்தக் கோடு சரியான எடத்துலதான் போட்டிருக்கேன்னு தெரிஞ்சதுல சந்தோசம். பேரெல்லாம் வேணாம், ஆபீஸ்ல பேஜாராய்டும். நஸீமாகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிடு, நான் போட்டது சரின்னு. நான் சொன்னா, திரும்ப ஆரமிச்சிட்டேன்னு பயந்துக்குவா. நீ சொன்னா நம்புவா." படித்துவிட்டேன் என்பதை நீலக் குறிகள் அவனுக்குக் காட்டியிருக்கும். நான் பதில் போடவில்லை. நஸீமாவிடம் சொன்னால் அன்றைக்கு ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்பாள்.

அடுத்த பொங்கலுக்கும் போனேன். ஊரில் இருப்பதாக யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். பிறந்த மண்ணில் பத்து நாள் ஒளிந்து இருந்தேன். மாமல்லபுரம் பக்கம் தலைவைக்கவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் காலை, அக்காவுக்கு மீன் வாங்கக் கோவளம் போனேன். அங்கே அம்மா வீட்டுக்கு வந்திருந்த நஸீமா பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

"அண்ணா! எப்ப வந்தீங்க? வூட்டுக்கு வராமயே போறீங்களே! அன்னிக்கு அவரு தப்பா எழுதிக் குடுத்து உங்கள அத்தினி பேர் முன்னாடி பேஜார் பண்ணிட்டாரு, அந்தக் கோவமா?"

"சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"அவருக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேன் அண்ணா. இப்பல்லாம் அத்த தொடறதே இல்ல. கம்ப்யூட்டர புள்ளைக்குக் குடுத்துட்டாரு. ஞாயித்துக்கெழம எங்களோடதான் கீறாரு. ஆனா பேச்சுதான் கொறஞ்சிபோச்சி. எல்லாம் நீங்க அன்னிக்கு உண்மையச் சொன்னதாலதான் நிறுத்த முடிஞ்சிது."

அப்போது சொல்லியிருக்கலாம். பஸ் வர நேரம் இருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை, அவளே கதவைத் திறந்து வைத்திருந்தாள். நான் சொன்னது என்ன தெரியுமா? "பரவால்லம்மா." அவ்வளவுதான். அவள் என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தன் அம்மா வீட்டுக்குள் ஓடி, துணிப்பையில் இறுக்கிக் கட்டிய நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். "அங்கல்லாம் இது கெடைக்காதுண்ணா, எடுத்துகினு போங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் விமான நிலையத்தில், கருவாட்டுப் பொட்டலம் உள்ளே இருந்த பெட்டியை எடைமேடையில் வைத்தேன். ஒரு கையில் இந்தியப் பாஸ்போர்ட், இன்னொரு கையில் ஜெர்மனி கொடுத்த நிரந்தரக் குடியிருப்பு அட்டை. கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டாள்.

"வேற யாராவது கொடுத்தது ஏதாவது பெட்டியில இருக்கா சார்?"

"இல்லை" என்றேன். "எல்லாம் என்னுடையதுதான்."